இடது பின் ஸ்பீக்கர்

ஸ்ஸ்ஸ் என்று முன்னால் இடது பக்கம் சீறியது, நின்றது. நடுவில் சீறியது, நின்றது. வலது முன், வலது பக்கம், வலது பின், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. அடுத்தது இடது பின். எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்து அனுப்புகிற ரிசீவரின் சின்னத் திரையில் இடது பின் என்று எழுத்து வந்துவிட்டது, சத்தத்தைத்தான் காணோம். காணோம் என்றும் சொல்ல முடியாது, அடுத்த வீட்டில் யாரோ குக்கரின் வெயிட்டைத் தூக்கிய மாதிரி ஒன்று கேட்கிறது, ஆனால் அதற்கு ஓர் இடம் இல்லை, நான் இங்கேயிருந்து வருகிறேன் என்று அது சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி, சாப்பிட்ட சோறு இன்னும் நெஞ்சில் நிற்கிறது, காலையில் பிரித்த டிஸ்க்கின் பிளாஸ்டிக் உறை காலடியில் கிடக்கிறது. இந்த டிஸ்க்குக்காக ஐந்து வாரம் காத்திருந்தேன். காட்டுக்குள் வழி தவறிப்போன ஒரு தபால்காரனைப் பற்றிய வெளிநாட்டுப் படம். படம் எப்படியோ போகட்டும், பதினோராவது நிமிஷத்தில் மழை வருகிறது, அந்த மழைக்காகத்தான் என்னைப் போன்ற கிறுக்கர்கள் இதை வாங்குகிறார்கள். முதல் சொட்டு இடது பின்னால் ஓர் இலைமேல் விழ வேண்டும். அப்புறம் தலைக்கு மேல் ஒன்று, வலது பக்கம் இரண்டு, அப்புறம் கூரை முழுக்க ஒரேயடியாக. இணையத்தில் எழுதியவர்கள் எல்லாரும் அந்த முதல் சொட்டைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள், யாரோ தோளைத் தொட்ட மாதிரித் திரும்பிப் பார்த்தேன் என்று ஒருவன் எழுதியிருந்தான். எனக்கு மழை இரண்டாவது சொட்டிலிருந்துதான் தொடங்கியது. மூன்று தடவை பின்னுக்கு ஓட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் முதல் சொட்டு விழவில்லை. அதனால்தான் படத்தை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரை ஒவ்வொன்றாகச் சோதிக்கிற இந்தச் சீறலைச் சுற்ற விட்டிருக்கிறேன்.

ஸ்பீக்கர் போயிருக்கும். ஸ்பீக்கர் போவது சகஜம், கூம்பு கிழியும், உள்ளே கம்பிச் சுருள் கருகும், எலி ஒயரைக் கடிக்கும், வடவள்ளியில் ஒரு வீட்டில் பெட்டிக்குள் பல்லி குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது. ஸ்பீக்கராக இருந்தால் நாளைக்கே வேறு மாட்டிவிடலாம், ஒயராக இருந்தால் இன்றைக்கே. வேறு எதுவாகவும் இருக்கக் கூடாது. டிஸ்க், பிளேயர், ரிசீவர், ஒயர், ஸ்பீக்கர், அதற்கு அப்புறம் காற்று, காற்றுக்கு அப்புறம் நான்தான் இருக்கிறேன், அதைத் தாண்டி யோசிக்க எதுவும் இல்லை. சம்பத்குமார் வந்து காது வைத்தால் போதும், சத்தம் அளக்கிற மீட்டர் வேண்டாம் என்று திருப்பூர் வரைக்கும் பேர். இருபத்திரண்டு வருஷமாக வீட்டுக்குள் தியேட்டர் கட்டிக் கொடுக்கிறேன். மற்றவர்கள் நடுச் சீட்டில் முக்காலி போட்டு மைக்கை நட்டு, லேப்டாப்பில் கோடு கோடாகப் பார்த்து, மண்டையை ஆட்டிவிட்டுப் போவார்கள். நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடுவேன். ரெண்டு நிமிஷம் யாரும் பேசாம இருங்க என்பேன். மில் வைத்திருப்பவர்கள், மண்டபம் வைத்திருப்பவர்கள், அவர்கள் மாமனார்கள், எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்த இரண்டு நிமிஷம் எனக்குப் பிடிக்கும், பிடிக்கும் என்று ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம். போன வாரம் திருப்பூர் தண்டபாணி போன் செய்தார், பனியன் கம்பெனிக்காரர், பங்குனியில்தான் அவர் வீட்டில் முடித்துக் கொடுத்தேன். "சம்பத்துங்களா, மழ பேஞ்சா இடது பக்கம் மட்டும் வெள்ளமே வருதுங்க, எங்க வீட்ல அந்தப் பக்கம் உக்காரவே மாட்டேங்கறாங்க" என்றார். "அது உங்க காதுக்குப் பழகோணுமுங்க, ஒரு மாசம் கேளுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்துவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். பெரிய வீடு கட்டுவார்கள், காது மட்டும் பழைய டூரிங் கொட்டகையிலேயே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சிங்காநல்லூரில் நான் தியேட்டர் போட்டுக் கொடுத்த வக்கீலும் இதையேதான் சொன்னார், இல்லை, அவர் வேறு ஏதோ சொன்னார், இடது பக்கம் என்று அவர் சொன்ன மாதிரி ஞாபகம் இல்லை. சொன்னார்.

ரிசீவருக்குப் பின்னால் கையை விட்டு இடது பின், வலது பின் இரண்டு ஒயரையும் மாற்றிச் செருகினேன். கோளாறும் கூடவே இடம் மாறினால் ரிசீவர்மேல் தப்பு, மாறாமல் அங்கேயே நின்றால் ஸ்பீக்கர்மேல் தப்பு, எங்கள் தொழிலில் அரிச்சுவடி இது. திரையில் இடது பின் என்று வந்தபோது வலது மூலையில் கணீரென்று சீறியது. வலது பின் என்று வந்தபோது இடது மூலை சீற வேண்டும். அடுத்த வீட்டுக் குக்கர்தான். சரி, ஸ்பீக்கர்தான், எனக்கு ஒரு நிமிஷம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது, ஸ்பீக்கர் செத்துப்போனதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஸ்டூல்மேல் ஏறி இரண்டு பெட்டியையும் இறக்கி இடம் மாற்றி மாட்டினேன். முன்பெல்லாம் நான் ஸ்டூல்மேல் ஏறினால் என் மனைவி வனிதாமணி வந்து பிடித்துக்கொள்வாள், இப்போது ஸ்டூல் தானாக நிற்கிறது, நானும் விழாமல்தான் இருக்கிறேன். இதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெட்டி இடது மூலைக்குப் போனதும் ஊமையாகிவிட்டது. ஊமையாக இருந்த பெட்டி வலது மூலைக்கு வந்ததும் பேசுகிறது. கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒயர் பாக்கி இருக்கிறதே என்று உடனே தோன்றியது, எழுந்து ரிசீவரில் மாற்றியதைப் பழையபடி செருகிவிட்டு, இடது மூலைக்குப் புது ஒயரைத் தரையோடு இழுத்துக் கொண்டுபோய் மாட்டினேன், மாட்டும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. அதுவும் அப்படியேதான்.

சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கிறது, அல்லது கேட்கிறது என்று நினைக்கிறேன். வனி அங்கேதான் இருப்பாள். ஒன்றரை வருஷமாக இந்த வீட்டில் அவளும் நானும் பேசிக்கொள்வது சிலிண்டர், மாத்திரை, கரண்ட் பில், இவ்வளவுதான். அதையும் எதிரில் வந்து நின்று, ஆபீஸில் மனு கொடுக்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போவாள். எனக்கும் வீம்பு. பேசாவிட்டால் போ என்று இருந்துவிட்டேன். எனக்குத்தானே கோபம் வந்திருக்க வேண்டும், அவள் எதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவள் அம்மா தாராபுரத்தில் விழுந்து இடுப்பு உடைந்து கிடந்தார்கள், தம்பி பஹ்ரைனில், இவள்தான் போய் மூன்று மாசம் கூடவே இருந்தாள். அங்கே ஓர் ஆளை வைத்துவிட்டுத் திரும்பி வந்த நாலு நாளில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கிணத்துக்கடவு பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் அத்தையைச் சேர்த்துவிட்டாள். சேர்த்த அன்றைக்குச் சாயங்காலம் வந்து, சேத்தியாச்சு என்று எதிரில் நின்று சொன்னாள். அத்தை ஆறு மாசம் அங்கே இருந்து போய்ச் சேர்ந்தார்கள். இங்கே ஓர் அறை சும்மா இருந்திருந்தால் கேட்டிருப்பாளோ என்னவோ. இருக்கிற ஒரே கூடுதல் அறை இதுதான், கறுப்புத் துணி அடித்து, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, ஜன்னலை அடைத்து, பதினொரு ஸ்பீக்கர் மாட்டிய இந்த அறை. கேட்டிருந்தால் ஒரே நாளில் காலி செய்திருப்பேன். என்னைப் பற்றி அவள் என்ன நினைத்துவிட்டாள், ஒரு வயசான மனுஷியைவிட எனக்கு இந்தப் பெட்டிகள் பெரிதென்றா. கேட்டிருந்தால் ஒரு வாரத்தில் காலி செய்திருப்பேன், பஞ்சு பசையோடு ஒட்டியிருக்கிறது, பிய்த்தால் சுவர் பூச்சு வரும், அதற்கெல்லாம் ஆள் வரவேண்டும். திரையை வேண்டுமானால் விட்டுவிட்டு, சோபாவை எடுத்துவிட்டு ஒரு கட்டில் போட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஏதாவது செய்திருப்பேன். கேட்கவேயில்லையே. காங்கயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காரில் திரும்பினோம், அவள் தாராபுரத்திலிருந்து வந்த மறுநாள், இரண்டு மணி நேரம் நானும் அவளும் மட்டும். அப்போது கேட்டிருக்கலாம். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காற்றாலையை எண்ணிக்கொண்டு வந்தாள். இந்த ஒரு விஷயத்தில் தப்பு என்மேல் இல்லை, அதை மட்டும் ஒன்றரை வருஷமாகப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன், வேறு பிடித்துக்கொள்ள எனக்கும் என்ன இருக்கிறது.

மீட்டர் ஒன்று இருக்கிறது. அலமாரியில், டிஸ்க் வரிசைக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல். எடுத்து நடுச் சீட்டின் தலை உயரத்துக்குப் பிடித்தேன். வலது பின் எழுபத்தைந்து டெசிபல். இடது பின் எண்பத்தொன்று. எண்பத்தொன்றா. பேட்டரி தீர்ந்துபோயிருக்கும் என்று பேட்டரியை மாற்றினேன், மறுபடியும் எண்பத்தொன்று. அப்படியானால் இடது பின் மற்ற எல்லாவற்றையும்விட உரக்கக் கத்திக்கொண்டிருக்கிறது, நான்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வைத்திருக்கிறேன், போன தீபாவளிக்கு ஒரு புள்ளி, பொங்கலுக்கு ஒரு புள்ளி, இங்கே மட்டுமா, தண்டபாணி வீட்டில், வக்கீல் வீட்டில், போன இரண்டு வருஷத்தில் நான் கண்ணை மூடி உட்கார்ந்த எல்லா வீட்டிலும். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்களே எல்லாரும். இரைச்சல் ஒன்று வேறு. அதை நினைக்கவே கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் இருந்தேன். எதுவும் ஓடாதபோதுகூட இந்த அறையில் மெல்லியதாக ஓர் இரைச்சல் உண்டு, கொசுவைவிடச் சின்னது, வீட்டுக் கரண்டில் எர்த் சரியில்லை என்றால் அப்படி வரும். மூன்று மாசம் அதன் பின்னாலேயே அலைந்தேன். ஒயர் மாற்றினேன், பிளக் மாற்றினேன், கடைசியில் முருங்கை மரத்தடியில் பத்தடிக்குக் குழி தோண்டி, செம்புத் தகடு இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, தினம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் புது எர்த் போட்டேன். போகவில்லை. ஊட்டியில் லாட்ஜ் அறையில் படுத்திருந்தபோதும் அதே இரைச்சல் கேட்டது, அங்கேயும் எர்த் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்தால் ஒருத்தன் தன் காதில் இருக்கிற சத்தத்துக்கு மண்ணைத் தோண்டி உப்புக் கொட்டுவான். இல்லை, அப்படி முடிவு கட்ட வேண்டாம், இன்னும் ஒன்றும் நிச்சயமாகவில்லை.

நிச்சயப்படுத்த ஒரு வழி இருக்கிறது, சோபாவுக்கு முன்னால் ஒரு நாற்காலியைத் திரைக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன், மாற்றாதது என்னைத்தான். செய்யாமலே இருக்கலாம். டிஸ்க்கை அலமாரியில் வைத்துவிட்டு, இந்தப் படத்தில் மிக்ஸிங் சரியில்லை என்று எழுதிவிடலாம், நாலு பேர் ஆமாம் போடுவார்கள். போன வருஷம் காது மூக்குத் தொண்டை டாக்டர் ஒருவர் வீட்டில், அவருடைய தியேட்டருக்குக் கார்ப்பெட் அளந்துகொண்டிருந்தேன், பேச்சுவாக்கில் சொன்னார், "திடீர்னு ஒரு காது அடைச்சா ரெண்டு வாரத்துக்குள்ள வந்தறோணுமுங்க, அதுக்கப்புறம் நரம்பு போச்சுன்னா போனதுதான்." அதற்கு முந்தின ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தேன், இடது காதில் தண்ணீர் போன மாதிரி அடைத்துக்கொண்டது. தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்தேன். வனி தேங்காயெண்ணெயைக் காய்ச்சி இரண்டு சொட்டு விட்டாள். இரண்டு நாளில் சரியாகிவிட்டது, சரியாகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். டாக்டர் அதைச் சொன்னது அதற்கு அப்புறம் ஆறு மாசம் கழித்து. நான் கார்ப்பெட்டின் அளவை இரண்டாவது தடவை எழுதினேன், பதினான்கு அடி, பதினெட்டு அடி.

மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து, சோபாவைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தேன். இப்போது திரை எனக்குப் பின்னால், கதவு எனக்கு எதிரே வலது ஓரத்தில். இத்தனை வருஷத்தில் இந்த அறையை இந்தப் பக்கமாகப் பார்த்ததே இல்லை, கதவுக்கு மேலே ஒட்டடை தொங்குகிறது. ரிமோட்டை அழுத்தினேன். இடது பின் என்று திரையில் வந்திருக்கும், என் வலது பக்கத்தில், கதவோரமாக, ஸ்பீக்கர் அப்படிச் சீறியது, உடம்பே தூக்கிப்போட்டது. எவ்வளவு சத்தமாக வைத்திருந்திருக்கிறேன். வலது பின் என்று அடுத்து வந்தது, இத்தனை நாளும் கணீரென்று பேசிய வலது பின், இப்போது என் இடது கைப் பக்கம் இருக்கிற வலது பின், அடுத்த வீட்டுக் குக்கராகப் போய்விட்டது. ரிமோட்டை அழுத்தி நிறுத்தினேன். சரி. தெரிந்துவிட்டது. எல்லாரும் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள், ஒயர், பெட்டி, ரிசீவர், மீட்டர், தண்டபாணி. இருபத்திரண்டு வருஷத்துப் பேர் போய்விட்டது என்று முதலில் நினைத்தேன், அதை நினைத்துத்தான் அழுகை வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை, வேறொன்று வந்தது. காரில் நான் ஓட்டுகிறேன், அவள் உட்காருவது என் இடது பக்கம். சாப்பாட்டு மேசையில் அடுப்புப் பக்கத்து நாற்காலி அவளுடையது, என் இடது பக்கம். கட்டிலில் ஜன்னலோரம் எனக்கு, அவள் இடது பக்கம். இந்த அறைக்கு அவள் வந்துகொண்டிருந்த காலத்தில் சோபாவில் நடு இடம் எனக்கு, சத்தம் எல்லாம் சரியாகச் சேருகிற இடம் அது ஒன்றுதானே, அவளை இடது ஓரத்தில் உட்கார வைத்திருந்தேன். இருபத்தாறு வருஷமாக என் இடது பக்கம்தான் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள் என்று நான் பேச்சை நிறுத்தினேன். ஒருவேளை அவள் நிறுத்தவே இல்லையென்றால், என்ன சொன்னாள், எவ்வளவு நாள் சொன்னாள், எந்த நாளில் போதும் என்று விட்டாள். எனக்கு வேறொரு கெட்ட பழக்கம் உண்டு, எதிரில் இருப்பவர் சொல்வது சரியாகப் பிடிபடாவிட்டாலும் ம் என்று சொல்லிவிடுவேன். பெரிய மனிதர்களோடு பழகி வந்த பழக்கம், என்னது என்று கேட்டால் அவர்களுக்குப் பிடிக்காது. இந்த இரண்டு வருஷத்தில் எத்தனை ம் சொல்லியிருப்பேன், எதற்கெல்லாம் சொன்னேன் என்று யாரிடம் போய்க் கேட்பது.

கதவு திறந்தது. வனி டீ டம்ளரோடு நின்றாள், அவளைப் பார்த்து நான் உட்கார்ந்திருப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை.

"என்னங்க, இப்படித் திரும்பி உக்காந்துட்டீங்க?"

"டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன்."

டம்ளரை ஸ்டூல்மேல் வைத்தாள். தரையில் கிடந்த ஒயரைத் தாண்டிக் கால் வைக்கத் தயங்கி, கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"வர்ற வெசாளக்கெழம அம்மாவுக்கு வருச திதி. தாராபுரத்துக்கு நான் மட்டும் போயிட்டு வந்தர்றனுங்க. உங்களுக்கு வேலையிருக்கும்."

ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அவள் குரல் கரகரப்பாகிவிட்டிருக்கிறது, எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. திரும்பிப் போகப்போனாள். இப்போது விட்டால் நாளைக்கு அவள் மறுபடியும் இடது பக்கம் போய்விடுவாள் என்று பயமாக இருந்தது.

"வனி, ஒண்ணு கேக்கறேன். அத்தைய இங்க கூட்டியாரலாமான்னு அப்ப என்னை ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டனுங்க."

"எப்ப?"

"காங்கயம் கல்யாணத்துக்குப் போயிட்டு வரும்போது. கார்ல. பல்லடம் தாண்டி வந்துட்டிருந்தோம்."

"என்னன்னு கேட்ட?"

"அம்மாவ ஹோம்லயே சேத்தர்லாமுங்களான்னு கேட்டேன். ம்-னீங்க. மறுபடியும் ஒருக்காக் கேட்டேன். அதுக்கும் ம்-னீங்க."

பல்லடம் தாண்டி. நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், ஏசி காற்று மூஞ்சியில் அடிக்கிறது என்று திருப்பி வைத்தேன், லாரியை முந்தினேன், மனதுக்குள் ஏதோ ஒரு வீட்டுக்கு ஸ்பீக்கர் எங்கே மாட்டலாம் என்று கணக்குப் போட்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள், அதைச் சத்தியம் செய்வேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறாள். நான் இரண்டு தடவை ம் என்றிருக்கிறேன், ஒரு மனுஷியை ஊர்க்கோடியில் கொண்டுபோய் விடுவதற்கு. ஒன்றரை வருஷமாக நான் பிடித்துக்கொண்டிருந்த ஒரே விஷயமும் என்னுடையது இல்லை. சொல்லிவிடலாமா என்று யோசித்தேன், சாக்குச் சொல்கிறான் என்று நினைப்பாள். நினைக்கட்டும். ஒருவேளை நம்பினால், இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, கேட்கத்தான் இல்லை என்று தெரிந்தால், அவள் என்மேல் வைத்திருக்கிற வெறுப்பில் பாதியாவது குறையாதா. அந்தப் பாதிக்கு ஆசைப்பட்டேன்.

"எனக்கு இந்தக் காது கேக்கல வனி. ரெண்டு வருசமாவே கேக்கல போல. எனக்கே இப்பத்தான் தெரியுது. அன்னைக்கு நீ கேட்டது ஒண்ணும் என் காதுல உளுகல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது கத்துவாள் என்று.

"தெரியுமுங்க" என்றாள்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று எனக்கே சந்தேகம். "என்ன தெரியும்?"

"முன்னெல்லாம் போன் வந்தா இடது காதுல வெச்சுக்கிட்டு வலது கையில எழுதுவீங்க. அப்பறம் பேனாவக் கீழ வெச்சுட்டு வலது காதுக்கு மாத்தினீங்க. எழுதறதுக்கு என்னையக் கூப்பிட்டீங்க. அப்பவே பாத்துட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சு, தொழிலுக்காக மறைக்கறீங்கன்னு இருந்தேன்."

"அப்ப அன்னைக்குக் கார்ல, அந்தப் பக்கமா உக்காந்துட்டு..."

வனி ஒயரைத் தாண்டி வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எவ்வளவு நாளாயிற்று அவள் இங்கே உட்கார்ந்து.

"அந்தப் பக்கமா இருந்ததாலதானுங்க கேட்டேன்."

டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டு பேசினாள், மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் இந்த அறையில் பஞ்சு ஒட்டியிருப்பதால் எதிரொலி கிடையாது, மெதுவாகப் பேசினாலும் முழுசாக வந்து சேரும்.

"அந்த மூணு மாசம் எனக்கு முடியலீங்க. தூக்கறதும் களுவறதும் கூடப் பரவால்ல. நான் எந்திரிச்சு வெளிய போனா வனீ வனீன்னு கூப்பிட்டுட்டே இருப்பாங்க. பக்கத்துல போனா ஒண்ணுமில்லம்பாங்க. ஒரு நா தலகாணிய எடுத்துக் கையில வெச்சுட்டு நின்னுட்டேன். எதுக்கு எடுத்தேன்னு எனக்குத் தெரியும். அதுக்கப்பறம் நான் அங்க இருக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல."

"எதுர்ல நின்னு கேட்டா, கூட்டிட்டு வா, ரூமக் காலி பண்ணிக்கலாம்னு நீங்க சொல்லீருவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்க. யாரோ ஒருத்தர் வேண்டாம்னு சொன்ன மாதிரி இருக்கோணும்னு தோணுச்சு."

அறையைக் காலி செய்திருப்பேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததை இந்த உலகத்தில் நம்பியவள் இவள் ஒருத்திதான். நானே அவ்வளவு நம்பியதில்லை. ஒன்றரை வருஷமாக அவள் என்மேல் கோபமாக இருந்ததாக நினைத்தேன், கோபமே இல்லை, என்னைப் பார்க்க முடியாமல் இருந்திருக்கிறாள். ஏதாவது சொல்ல வேண்டும், பரவாயில்லை என்று சொல்லலாம், ஆனால் செத்துப்போனவர்கள் சார்பில் பரவாயில்லை என்று சொல்ல நான் யார். இவளைத் தொடலாம், கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான், கை போகவில்லை. ஆறு மாசம் அந்த இடத்தில் அத்தை வனீ வனீ என்று கூப்பிட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள், எங்கள் இரண்டு பேருக்கும் அது கேட்கவில்லை.

வெளியே தெருவில் ஏதோ வண்டி போனது. அவள் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் இடது காதைப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்டக் காட்டினா சரியாயிருங்களா?"

கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது. சரியாக வேண்டும் என்று கேட்கிறாளா, சரியாகிவிடுமோ என்று பயந்து கேட்கிறாளா, எனக்குப் பிடிபடவில்லை. இன்றைக்கு எனக்கு ம் சொல்லவும் வழியில்லை.

"ஆகாது. நரம்பு போச்சுன்னா போனதுதான்" என்றேன்.

அவள் மூச்சை மெதுவாக விட்டாள். அது எனக்கு நன்றாகவே கேட்டது.